மொன்றியலா, ரொறன்ரோவா? – குடிபெயர்ந்தோரின் நகரத் தெரிவு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு நாட்டை விட்டுப் பிறிதொரு நாட்டிற் குடியேறுவோர் எதிர்நோக்கும் முதல் வினா எந்த நாடு என்பதாயின், இரண்டாவது வினா எந்த நகரம் என்பதாகும். முதல் வினாவுக்கான விடையைப் பெரும்பாலும் போரும் வறுமையும் குடிவரவு விதிகளுமே தீர்மானித்துவிடுகின்றன. இரண்டாவது வினாவிலேதான் மனிதருக்கு ஓரளவு தெரிவுச் சுதந்திரம் எஞ்சுவதாகத் தோன்றுகின்றது. அச்சுதந்திரம் எத்தகையது, எவற்றால் வரையறுக்கப்படுகின்றது என்பதைக் கனடாவின் இரு பெருநகரங்களாகிய மொன்றியலையும் ரொறன்ரோவையும் உதாரணமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொன்றியல் கியூபெக் மாகாணத்தின் மிகப் பெரிய நகரம். பிரெஞ்சு மொழி வழங்குமிடம். ரொறன்ரோ ஒன்ராறியோ மாகாணத்தின் தலைநகரம், ஆங்கிலம் வழங்குமிடம். இரண்டிற்குமிடையே வீதிவழி ஏறத்தாழ 540 கிலோமீற்றர் தூரமே உண்டு. நாணயம் ஒன்று, கடவுச்சீட்டு ஒன்று, நாட்டின் அரசியலமைப்பும் ஒன்று. ஆயினும், ஒரு குடும்பம் இவற்றுள் எதில் வாழ்கின்றது என்பதைப் பொறுத்து அதன் பிள்ளைகள் கற்கும் மொழியும், பெற்றோர் செய்யும் தொழிலும், குடியிருக்கும் வீட்டின் மீது அவர்களுக்குள்ள உரிமையும் வேறுபடுகின்றன. 1980களில் இலங்கையிலிருந்து சென்ற தமிழருட் கணிசமானோர் முதலில் மொன்றியலிற் குடியமர்ந்தனர். அவருட் பலர் சில ஆண்டுகளுள் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தனர். 'பிரெஞ்சு கடினம், ஆகவே ரொறன்ரோ' என்னும் ஒற்றை வாக்கியத்தால் இப்பெயர்ச்சியை விளக்கிவிடுவது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்விளக்கம் பொய்யன்று, எனினும் அது போதியதுமன்று.

இரு நகரங்களின் வரலாறு

நகரங்கள் தாமாக வளர்வனவல்ல. வணிகப் பாதைகளும் மூலதனத்தின் போக்குமே அவற்றை வளர்க்கின்றன. 1642இற் பிரெஞ்சுக் குடியேறிகளால் நிறுவப்பெற்ற மொன்றியல், சென் லோறன்ஸ் ஆற்றிற் கடற்கப்பல்கள் மேற்கொண்டு செல்லவியலாத விரைவோட்டப் பகுதிக்குக் கீழே அமைந்தது. பண்டங்கள் அங்கு இறக்கப்பட்டேயாகவேண்டும். எனவே துறைமுகமும் பண்டசாலையும் வங்கியும் அங்குத் தோன்றின. 1817இல் மொன்றியல் வங்கி நிறுவப்பட்டது. 1825இல் லஷீன் கால்வாய் திறக்கப்பட்டது. காலப்போக்கில் அதன் கரைகளில் ஆலைகள் எழுந்தன. 1760இல் நகரம் பிரித்தானியர் வசமாகியதன் பின்னர் பெருவணிகமும் மூலதனமும் ஆங்கிலம் பேசுவோர் கையிற் சேர்ந்தன. ஆலைகளில் உழைத்தோர் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுவோராகவும் ஐரிஷ் மக்களாகவும் இருந்தனர். மலைச்சரிவிலுள்ள வெஸ்ற்மவுண்டில் முதலாளிகளும், தாழ்ந்த கால்வாய்க் கரையிலுள்ள சென் ஹென்றியில் தொழிலாளரும் வாழ்ந்தனர். மொழிப் பிரிவும் வர்க்கப் பிரிவும் பெருமளவுக்கு ஒன்றன்மேலொன்று படிந்திருந்த நகரம் அது. பின்வந்த மொழிப் போராட்டங்களை இவ்வுண்மையினின்றும் பிரித்து நோக்குதல் தவறாகும்.

1793இல் யோர்க் என்னும் பெயருடன் நிறுவப்பெற்று, 1834இல் ரொறன்ரோ என்னும் பெயருடன் மாநகரமாகிய மற்றைய நகரம் நீண்ட காலம் இரண்டாமிடத்திலேயே இருந்தது. 20ஆம் நூற்றாண்டிலே நிலைமை மாறலாயிற்று. வட ஒன்ராறியோவின் சுரங்கங்களுக்கு வேண்டிய மூலதனத்தை ரொறன்ரோப் பங்குச் சந்தை திரட்டியது. 1930களில் அது மொன்றியற் சந்தையை முந்தியது. பிரித்தானிய மூலதனத்தின் இடத்தை அமெரிக்க மூலதனம் கைப்பற்றியபோது, அமெரிக்கத் தொழிற்பிரதேசங்களுக்கு அண்மையிலிருந்த தென் ஒன்ராறியோ அதன் நிலைக்களமாயிற்று. 1959இல் சென் லோறன்ஸ் கடல்வழி திறக்கப்பட்டதும், கப்பல்கள் மொன்றியலைக் கடந்து பேரேரிகளுக்குச் செல்லலாயின. கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் 1965இற் செய்துகொண்ட மோட்டார் வாகன உடன்படிக்கை ஒன்ராறியோவின் ஆலைகளை மேலும் பெருக்கியது.

1976ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலே ரொறன்ரோப் பெருநகரப் பிரதேசம் மொன்றியலை மிகச் சிறு வேறுபாட்டால் முந்தியது. அவ்வேளை இரண்டின் சனத்தொகையும் தனித்தனி ஏறத்தாழ 28 இலட்சமாகும். 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ரொறன்ரோப் பிரதேசத்தின் தொகை ஏறத்தாழ 62 இலட்சம். மொன்றியற் பிரதேசத்தின் தொகை ஏறத்தாழ 43 இலட்சம். ஈண்டு ஒரு காலவரிசை மனங்கொள்ளத்தக்கது. கியூபெக்கின் தனியாட்சியை வேண்டி நின்ற கியூபெக் கட்சி ஆட்சிக்கு வந்தது 1976 நவம்பரில். பிரெஞ்சு மொழிச் சாசனம் எனப்படும் 101ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது 1977 ஓகஸ்ற்றில். அதாவது, மொழிச் சட்டத்தினாலேயே மொன்றியல் வீழ்ந்தது என்று பலராலும் கூறப்படுவதற்கு மாறாக, அச்சட்டத்திற்கு முன்னரே ரொறன்ரோ முந்திவிட்டது. சண் லைஃப் காப்புறுதிக் கம்பனி தன் தலைமையகத்தை ரொறன்ரோவுக்கு மாற்றப்போவதாக 1978 ஜனவரியில் அறிவித்தமையும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் 1976க்கும் 1981க்குமிடையிற் கியூபெக்கை விட்டு நீங்கியமையும் உண்மையே. ஆயினும் அவை ஏற்கெனவே தொடங்கிய ஒரு போக்கை விரைவுபடுத்தினவேயன்றி அதனைத் தோற்றுவிக்கவில்லை.

மொழிச் சட்டமும் பாடசாலையும்

கியூபெக்கின் மொழிச் சட்டத்தைக் கேள்வியுறும் இலங்கைத் தமிழ் வாசகருக்கு 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஒரு மாகாணத்தின் பெரும்பான்மை மொழியை மாத்திரம் அரசகரும மொழியாக்குதல் 'தனிச் சிங்களம்' போன்றதேயன்றோ என ஒரு சாரார் கேட்பர். மறுசாராரோ, ஒரு நாட்டிலே சிறுபான்மையினராகிய மக்கள் தம் பிரதேசத்தில் தம் மொழியைக் காக்கும் முயற்சி இது என்றும், அவ்வகையில் அது தமிழரின் கோரிக்கைக்கே நெருங்கியது என்றும் கூறுவர். எமது கருத்துப்படி இவ்விரு ஒப்புமைகளும் பாதி உண்மைகளே.

கியூபெக்கில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோர். கனடா முழுவதிலுமோ அவர்கள் ஐந்தில் ஒரு பங்கினரே. 1963இல் அமைக்கப்பெற்ற இருமொழி இருபண்பாட்டு ஆணைக்குழு, கியூபெக்கின் இனக்குழுக்களுள் வருமானத்திற் பிரெஞ்சு வமிசாவழியினர் கடைசிக்கு அண்மையில் நிற்பதை எடுத்துக்காட்டியது. தம் சொந்த மாகாணத்திலேயே மேலதிகாரியுடன் ஆங்கிலத்தில் உரையாடவேண்டிய நிலையிலிருந்த தொழிலாளரின் உரிமைக்குரல் அச்சட்டத்திலே கலந்திருந்தது. இவ்வகையில் அது ஆதிக்க மொழியொன்றின் சட்டமன்று. ஆயின், அதே சட்டம் மாகாணத்துக்குள் வந்துசேரும் குடியேறியை நோக்கும்போது பெரும்பான்மையின் குரலிலேயே பேசுகின்றது.

குடியேறியின் பிள்ளையே இப்போராட்டத்தின் களமாயிற்று. 1960களில் மொன்றியலிற் குடியேறிய இத்தாலியரும் கிரேக்கரும் பிறரும் தம் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஆங்கிலப் பாடசாலைகளுக்கே அனுப்பினர்; தொழிலும் உயர்வும் அம்மொழியிலேயே இருந்தமையே காரணம். பிரெஞ்சு மக்களின் பிறப்பு வீதம் வீழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில் இது அவர்தம் எதிர்காலம் பற்றிய அச்சத்தைத் தோற்றுவித்தது. சென் லெயோனார் என்னும் புறநகரில் இத்தாலியப் பிள்ளைகளின் பாடசாலை மொழி பற்றி எழுந்த பிணக்கு 1969இற் கலவரமாக வெடித்தது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சை மாகாணத்தின் அரசகரும மொழியாக்கியது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறிகளின் பிள்ளைகள் அரச நிதி பெறும் பாடசாலைகளிற் பிரெஞ்சு மொழியிலேயே பயிலவேண்டும் என விதித்தது. பெற்றோருள் ஒருவர் கனடாவில் ஆங்கில மொழி மூலம் ஆரம்பக் கல்வி பெற்றிருந்தாலன்றி இவ்விதியிலிருந்து பொதுவாக விலக்கில்லை. 2022ஆம் ஆண்டின் 96ஆம் இலக்கச் சட்டம் இதனை மேலும் இறுக்கியது. குடியேறி ஆறு மாதங்கள் கழிந்தபின், சில விலக்குகள் நீங்கலாக, அரசாங்கம் அவருடன் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும். பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கல்லூரிகளின் மாணவர் தொகைக்கும் வரம்பு இடப்பட்டது.

எனவே மொன்றியலைத் தெரிவுசெய்யும் பெற்றோர் தம் பிள்ளையின் கல்விமொழியையும் அதனுடன் சேர்த்தே தெரிவுசெய்கின்றனர். இதன் விளைவு இருதலைத்தானது. மொன்றியலில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுட் பலர் பாடசாலையிற் பிரெஞ்சும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலமும் வீட்டிலே தமிழுமாக மும்மொழி வல்லுநராகின்றனர். இது பெருஞ்செல்வமாகும். ஆனால், பிள்ளையின் பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்கவியலாத தாய், தன் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராகக் கொள்ள நேரிடுகின்றது. வீட்டினுள் அதிகாரமும் அறிவும் இடம் மாறுகின்றன. இவ்விழப்பை எந்தப் புள்ளிவிவரமும் காட்டுவதில்லை.

ஆங்கிலம் எவருடைய உடைமை?

'எமக்கு ஆங்கிலம் தெரியும். ஆகவே ரொறன்ரோ எளிது' என்னும் கூற்றிலுள்ள 'எமக்கு' என்னும் சொல் யாரைக் குறிக்கின்றது என்பதே அடிப்படை வினாவாகும்.

இலங்கைத் தமிழருள் ஆங்கில அறிவு ஒருபோதும் சமமாகப் பரவியிருந்ததில்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்து மிசன் கல்லூரிகளும் அவற்றின்வழி கிடைத்த அரசாங்க உத்தியோகங்களும் ஒரு நடுத்தர வர்க்கத்துக்கே அதனை உடைமையாக்கின. 1967இற் கனடா அறிமுகப்படுத்திய புள்ளிமுறை கல்வியையும் தொழிற்றகைமையையும் மொழியறிவையும் அளந்து குடியேறிகளைத் தெரிந்தெடுத்தது. அம்முறையின்கீழ்ச் சென்ற மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும் இவ்வர்க்கத்தினரே. அவர்களுக்கு ஆங்கிலம் ஒரு மூலதனம். அம்மூலதனம் செல்லுபடியாகும் நகரம் ரொறன்ரோ. கியூபெக்கிலோ, ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களிற் பதிவுபெறுவதற்குப் பிரெஞ்சு அறிவைச் சட்டம் வேண்டி நிற்கின்றது.

1983 யூலை வன்செயல்களின் பின்னர் நிலைமை வேறு. உறவினருள்ள இலங்கையருக்காகக் கனடா அவ்வாண்டிலே சிறப்பு ஏற்பாடுகளைச் செய்தது. 1985இற் சிங் வழக்கிற் கனடிய உயர் நீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளர் நேரில் வாய்மொழியாக விசாரிக்கப்படும் உரிமையுடையர் எனத் தீர்த்தது. 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் மீனவர்களாற் காப்பாற்றப்பட்டனர். அவர்களும் பின்னர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்குமே சென்றனர். இக்காலத்திற் சென்றோருட் பலர் கிராமத்து இளைஞர். ஆங்கில மூலக் கல்வியை அறியாதோர். இவ்விளைஞனுக்குப் பிரெஞ்சு எவ்வளவு அந்நியமோ ஆங்கிலமும் ஏறக்குறைய அவ்வளவு அந்நியமே. இரு நகரங்களிலும் அவனுக்குக் கிடைத்தவை உணவகத்துச் சமையலறையும் தொழிற்சாலை இரவு வேலையும் துப்புரவுப் பணியுமேயாம். இவ்வேலைகளுக்கு எம்மொழியும் அதிகம் வேண்டப்படவில்லை. ஆகவே, 'ஆங்கிலம் எளிது' என்னும் காரணம் முதலில் ஒரு வர்க்கத்தின் அனுபவமாக இருந்து, பின்னர் முழுச் சமூகத்தினதும் பொதுப்புத்தியாக மாறியது என்றே கொள்ளல் வேண்டும்.

ஆங்கில அறிவும் ரொறன்ரோவிற் கதவுகள் அனைத்தையும் திறந்துவிடவில்லை. 'கனடிய அனுபவம்' இல்லை என்று கூறித் தகைமையுள்ளோரை மறுக்கும் வழக்கம் அங்குப் பரவலாயிருந்தது. அது பாகுபாடாகும் என ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இற் கொள்கை வெளியிட்டமையே அதன் பரவலுக்குச் சான்று.

வாடகையும் வாழ்க்கைச் செலவும்

மொழி பற்றிய விவாதங்களின் இரைச்சலில் வீட்டு வாடகை பற்றிய அமைதியான உண்மை கேட்பதில்லை. உழைக்கும் குடும்பத்தின் செலவுகளுள் முதன்மையானது வாடகையாகும். மொன்றியலில் அது ரொறன்ரோவிலும் பார்க்கக் குறைவு. அண்மைக் காலத்தில் இரு நகரங்களிலும் வாடகை ஏறியுள்ளபோதிலும் இவ்வேறுபாடு மறையவில்லை. காரணம் முன்னர் நோக்கிய வரலாற்றிலேயே உண்டு. மூலதனமும் தலைமையகங்களும் விலகிச் சென்ற நகரத்தில் நிலத்தின் விலை மெதுவாகவே ஏறிற்று. அவை சென்று குவிந்த நகரத்தில் அது விரைந்து ஏறிற்று. ஏழைக் குடியேறிக்கு மொன்றியலில் மலிவான வீடு கிடைத்தமை, செல்வர் அந்நகரை விட்டுச் சென்றமையின் நிழலாகும். தொழிலின்மையும் மலிவான வீடும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள்.

சட்டங்களும் இவ்விடத்து வேறுபடுகின்றன. மொன்றியல் வாடகைக் குடியிருப்பாளர் பெரும்பான்மையாக வாழும் நகரம். வெளிப்புறப் படிக்கட்டுகளையுடைய மூன்றடுக்கு வீடுகளில் வசிக்கும் அம்மக்கள், வாடகை உயர்வை மறுத்தவாறே அவ்வீட்டில் தொடர்ந்திருக்க உரிமையுடையர்; அவ்வேளை விடயத்தை வீட்டு வாடகை நியாயசபையிடம் கொண்டுசெல்லவேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரரே. முன்னைய குடியிருப்பாளர் செலுத்திய தொகையிலும் மிகையாக அறவிடப்படும்போது புதிதாக வருபவரும் அங்கு முறையிடலாம். 2024ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வாடகை ஒப்பந்தத்தைப் பிறருக்குக் கைமாற்றும் உரிமையைச் சுருக்கியதாயினும் அடிப்படைப் பாதுகாப்பு எஞ்சியுள்ளது. ஒன்ராறியோவிலோ குடியிருப்பாளர் வெளியேறியதும் வீட்டுச் சொந்தக்காரர் விரும்பிய வாடகையைப் புதியவரிடம் கேட்கலாம். 2018 நவம்பர் 15க்குப் பின்னர் முதன்முதலாகக் குடியேறப்பெற்ற வீடுகளுக்கு ஆண்டு வாடகை உயர்வு வரம்பும் இல்லை. அடிக்கடி வீடு மாறுபவர் புதிதாக வந்த குடியேறியே ஆதலின், இவ்விதிகளின் சுமை அவர்மீதே கூடுதலாக விழுகின்றது.

குழந்தைப் பராமரிப்பும் கருதற்பாலது. நாளொன்றுக்கு 5 டொலர் கட்டணத்திற் குழந்தைகளைப் பராமரிக்கும் அரச ஆதரவுத் திட்டத்தைக் கியூபெக் 1997இலேயே தொடங்கிவிட்டது. கட்டணம் பின்னர் உயர்ந்தபோதிலும் திட்டம் நிலைத்தது. மத்திய அரசின் துணையுடன் இத்தகைய திட்டத்தில் ஒன்ராறியோ இணைந்தது 2022இலேயாகும். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் ஒரு தாய் வேலைக்கோ மொழி வகுப்புக்கோ செல்லமுடிந்ததா, குழந்தையுடன் வீட்டிலேயே அடைபட்டிருந்தாளா என்பது அவள் வாழ்ந்த நகரத்தைப் பொறுத்திருந்தது. நகரத் தெரிவு பற்றிக் குடும்பத் தலைவரான ஆண்கள் உரையாடும் வேளைகளில் இவ்விடயம் அரிதாகவே பேசப்படுகின்றது.

சுற்றமும் அரசியலும்

இவ்வளவும் மொன்றியலுக்குச் சாதகமாயின் மக்கள் ஏன் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தனர்? தொழில் வாய்ப்பு ஒரு விடை. சுற்றம் மற்றைய விடை. முதலிற் சென்றவர் தம் தம்பியை அழைப்பர். தம்பி ஊரவனை அழைப்பான். சென் ஜேம்ஸ் ரவுண் என்னும் தொடர்மாடிப் பகுதியில் ஒரே வீட்டைப் பலர் பகிர்ந்து வாழ்ந்த இளைஞர், காலப்போக்கில் ஸ்காபரோவுக்கும், வசதி பெற்றோர் மார்க்கத்துக்கும் பரவினர். கடைகளும் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தோன்றின. மொன்றியலிலும் கோட் டெ நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் முதலிய பகுதிகளிலே தமிழர் வாழ்ந்தனர். டொலார் டெஸ் ஓர்மோவில் முருகன் கோயிலும் எழுந்தது. எனினும் தொகையிற் பெரிய சமூகம் மேலும் பலரைத் தன்பால் ஈர்த்தல் இயல்பே.

பெருந்தொகை அரசியற் பலமாகவும் பண்பாட்டு வலுவாகவும் மாறிற்று. 2001இற் ரொறன்ரோவிலே தமிழ் இலக்கியத் தோட்டம் தொடங்கப்பெற்றது. 2011இல் ஸ்காபரோத் தொகுதியொன்றிலிருந்து முதலாவது தமிழர் கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். அவர் ஒரு பெண் என்பது குறிப்பிடத்தக்கது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்திலே தமிழ் இருக்கைக்கான நிதி 2021இல் முழுமைபெற்றது. மறுபுறத்தே, தன் ஊரவரிடையே மாத்திரம் வாழும் வசதி, சாதியும் சீதனமும் ஊர்ப்பெருமையும் கடல் கடந்தும் நிலைப்பதற்கு வழிசெய்தது என்பதையும் நாம் மறைத்தல் தகாது. வேலை வழங்குபவரும் ஊரவராக இருக்குமிடத்துக் குறைந்த கூலியை எதிர்த்துப் பேசும் நா அடங்கிவிடுதலும் உண்டு.

மொன்றியற் குடியேறிக்கு வேறொரு கவலை இருந்தது. கியூபெக்கின் தனியாட்சி பற்றி 1980இல் நடந்த மக்கள் தீர்ப்பில் ஏறத்தாழ 60 வீதத்தினர் 'வேண்டாம்' என்றனர்; 1995இல் அவ்வாறு கூறியோர் 50.58 வீதத்தினர் மாத்திரமே. அவ்விரவிலே மாகாண முதலமைச்சர் ஷாக் பரிசோ தோல்விக்குப் பணத்தையும் இனக்குழுக்களின் வாக்கையும் காரணங்காட்டினார். தேசிய இன ஒடுக்குமுறைக்குத் தப்பிச் சென்ற தமிழன், பிறிதொரு தேசிய இனத்தின் விடுதலைக் கோரிக்கைக்குத் தடையாக நின்றவன் எனச் சுட்டப்பட்ட முரண்பாடு இது. அரச பாடசாலை ஆசிரியர் உள்ளிட்ட சில பதவியினர் மதச் சின்னம் அணிதலைத் தடைசெய்த 2019ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும், குறிப்பாக முஸ்லிம் பெண்களிடையே, இத்தகைய அந்நியவுணர்வை வளர்த்தது. ஒடுக்கப்பட்ட ஒரு தேசிய இனம் தன்னிடத்துள்ள சிறுபான்மையினரை எவ்வாறு நடத்துகின்றது என்பதே அதன் முற்போக்குத் தன்மைக்கு உரைகல்லாகும். இவ்வளவுகோல் கியூபெக்குக்கு மாத்திரம் உரியதன்று, எமக்கும் உரியதே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் 'எந்நகரம் சிறந்தது' என்னும் வினா தவறாக அமைக்கப்பெற்ற வினா என்பது புலனாகும். எவருக்கு, எவ்வயதில், எவ்வுடைமையுடன் என்று கேட்டல் வேண்டும். ஆங்கிலமும் தொழிற்றகைமையும் உடைய நடுவயதினர் ரொறன்ரோவை நாடுதற்கு நியாயம் உண்டு. சிறு குழந்தைகளையுடைய, கைப்பொருள் குறைந்த, ஆங்கிலமும் இனிமேலேயே கற்கவேண்டிய குடும்பத்துக்கு மொன்றியல் புறக்கணிக்கத்தக்கதன்று. வாடகைப் பாதுகாப்பும் மலிவான குழந்தைப் பராமரிப்பும் பிள்ளைகளுக்குக் கிட்டும் இருமொழித் தேர்ச்சியும் அதற்குரிய ஈடுகள். முதியோருக்கோ, மொழி புரியும் கடைக்கும் கோயிலுக்கும் அயலவருக்கும் மேலான வசதி வேறில்லை.

ஆனால் நடைமுறையில் இக்கணிப்பைச் செய்வோர் சிலரே. பெரும்பாலோருக்குக் கையிலிருந்த ஒரு முகவரியே நகரத்தைத் தீர்மானித்தது. முன்சென்றவரின் முகவரி அவருடைய வர்க்கத்தையும் அனுபவத்தையும் அச்சத்தையும் சேர்த்தே சுமந்து வந்தது. அதனைப் பெற்றவர் அவற்றையும் தம்முடையனவாக ஏற்றுக்கொண்டார். சுற்றத்தின் துணை இன்றியமையாதது. ஆனால் சுற்றத்தின் சொல் மாத்திரம் அறிவாகிவிடாது. வாடகைச் சட்டத்தையும் பாடசாலை விதியையும் தொழிற் பதிவு முறையையும் புதிதாக வருவோருக்குத் தமிழில் எடுத்துரைத்தல், ஊர்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் இராப்போசன விருந்துகளிலும் பயனுள்ள பணியாகும். தெரிவதற்கு வழியில்லாதவனிடம் தெரிவு உண்டு எனக் கூறுதல் கேலியேயாம். அறிந்து தெரியும் வாய்ப்பு யாவருக்கும் கிட்டும்போதே நகரத் தெரிவு என்னும் சொல் தன் முழுப் பொருளையும் பெறும்.